நாற்பத்தேழாவது உருப்படி

ஒரு மின்சாரக் கம்பெனி தன்னுடைய துணை மின்நிலையத்தை இன்னொரு மின்சாரக் கம்பெனிக்கு விற்க வேண்டுமென்றால், விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒத்துக்கொண்டால் போதும் என்றுதான் நம்மைப் போன்றவர்கள் நினைப்போம். நம்மைப் போன்றவர்களுக்கு ஆணையத்தில் 'பொதுமக்கள்' என்று பெயர். பொதுமக்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஆணையத்தின் முதல் நம்பிக்கை. எல்லாம் பொதுமக்களின் நலனுக்காகத்தான் என்பது இரண்டாவது நம்பிக்கை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருநூற்றுப் பதினாறு படிவங்கள் இருக்கின்றன.

ஆணையத்தின் முழுப் பெயர் மின்சொத்து இணைப்பு, விற்பனை மற்றும் கைமாற்ற ஒப்புதல் ஆணையம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் 'ஒப்புதல் ஆணையம்' என்ற பகுதி மட்டும் பக்கத்துச் சந்துக்குள் திரும்பியிருக்கும். விற்க நினைக்கும் கம்பெனி அங்கே போய் நான்கு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். இந்த விற்பனையால் கட்டணம் ஏறாது, போட்டி குறையாது, அரசின் கண்காணிப்பு தளராது, ஒரு கம்பெனியின் சுமை இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளர் தலையில் விழாது. நான்கும் நிரூபணமானால், விற்பனை பொதுநலனுக்கு முரணானதல்ல என்று ஆணையம் சொல்லும். பொதுநலனுக்கு நல்லது என்று சொல்லாது. அவ்வளவு தூரம் போவது அதன் வழக்கமில்லை.

சின்னக் கம்பெனி ஒன்று தன் கடைசித் துணை மின்நிலையத்தைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்க முடிவு செய்தபோது, அந்த நிலையத்தில் முப்பத்தொரு வருஷமாக ஆப்பரேட்டராக இருந்தவர்தான் நம் ஆள். மணிக்கொரு முறை மீட்டர்களைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவார். லைன் டிரிப் ஆனால் போனில் காரணம் விசாரித்துவிட்டு பிரேக்கரைப் போடுவார். ஊருக்கு வெளியே, வேலி போட்ட வளாகத்துக்குள், டிரான்ஸ்பார்மர்களின் ரீங்காரம் ஓயாத ஒரு குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது.

அந்த மூன்று மாதத்தை அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அவர் மனைவி. அவளுக்கு மறதி வந்திருந்தது. சாவியை மறப்பதில் தொடங்கி, அடுப்பை மறப்பதில் வளர்ந்து, ஒருநாள் குவார்ட்டர்ஸ் எது, உயர் அழுத்தக் கம்பிகள் இருக்கும் யார்டு எது என்பதையும் மறந்து கம்பி வேலியின் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். அன்றைக்கே அவளுடைய தங்கை வந்து, பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரத்தில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் ஒரே ஒரு ஆறுதல் சொல்லியிருந்தார். தினமும் பார்க்கிற முகம்தான் கடைசியில் மறக்கும்; அதனால் சீக்கிரம் போய்ப் பக்கத்தில் இருங்கள் என்றார். மூன்றே மாதம், ஓடி வந்துவிடுகிறேன் என்று ஆப்பரேட்டர் மைத்துனியிடம் சொல்லி அனுப்பினார்.

விற்பனை விண்ணப்பத்தைத் தயாரிக்க வந்தவர் தலைமை அலுவலகக் கண்காணிப்பாளர். யார் எதை நீட்டினாலும் 'மூணு செட் கொடுங்க' என்பார். அதனால் கம்பெனி முழுக்க அவருக்கு மூணு செட் என்றே பெயர். தன் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அப்படிக் கேட்டதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

பத்தொன்பதாம் படிவம் சொத்துப் பட்டியல். அதில் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி உண்டு: 'இது இல்லாமல் நிலையம் இயங்குமா?' இயங்காது என்றால் அது அவசியச் சொத்து. பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். மூணு செட் கையில் அட்டையோடு வளாகத்தைச் சுற்றி வந்தார். டிரான்ஸ்பார்மர், பிரேக்கர், பேட்டரி என்று ஒவ்வொன்றாக எழுதினார். சுவர்க் கடிகாரம் இல்லாமல் நிலையம் இயங்கும் என்றாலும், அது சுவரில் இருந்தது, சுவர் பட்டியலில் இருந்தது, அதனால் அதையும் எழுதத்தான் வேண்டும் என்றார். கடைசியில் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டரைப் பார்த்தார்.

"நீங்க இல்லாம இது ஓடுமா?" என்று கேட்டார்.

முப்பத்தொரு வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. கூட இருந்த மூன்று ஆப்பரேட்டர்களைப் போன மாதம்தான் தலைமை அலுவலக வேலைக்கு மாற்றியிருந்தார்கள். மற்ற ஷிப்டுகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இரண்டு பேர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மனசாட்சிப்படி பார்த்தால், ஓடும் என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியில் அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

"அது எப்படிங்க ஓடும்?" என்றார்.

மூணு செட் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நாற்பத்தாறு, மணல் வாளி, நான்கு. நாற்பத்தேழு, ஆப்பரேட்டர், ஒன்று, நல்ல நிலை. நாற்பத்தெட்டு, சுவர்க் கடிகாரம், ஒன்று, ஓடவில்லை. கீழே ஆப்பரேட்டரே சாட்சிக் கையெழுத்தும் போட்டார். மூணு செட்.

மூன்று மாதம் கழித்து, ஓய்வு பெறும் நாளன்று, ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் அவருடைய நீண்ட சேவையைப் பாராட்டி, இன்று மாலையோடு பணியிலிருந்து விடுவிப்பதாகச் சொன்னது. இரண்டாவது கடிதம், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பட்டியலில் உள்ள எதையும் அகற்றவோ, சேர்க்கவோ, மாற்றவோ கூடாது என்ற பதினோராம் விதியை நினைவூட்டி, நாற்பத்தேழாவது உருப்படி இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றது. ஆப்பரேட்டர் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு மூணு செட்டுக்குப் போன் போட்டார். அவர் நேரிலேயே வந்தார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல" என்று விளக்கினார். "ஆனா ரிட்டயர் ஆனது நீங்க. நகரக் கூடாதது நாப்பத்தேழு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அந்த ஒரு வரியை அடித்துவிட முடியாதா என்று ஆப்பரேட்டர் கெஞ்சினார். அடித்தால் அது திருத்தம், திருத்தம் என்றால் புது விண்ணப்பம், புது விண்ணப்பம் என்றால் இருநூற்றுப் பதினாறும் முதலிலிருந்து என்று மூணு செட் கணக்குச் சொன்னார். கம்பெனியில் நூற்றுப் பத்துப் பேரின் வேலை இந்த விற்பனையை நம்பி இருக்கிறது, அவர்களைத் தெருவில் நிறுத்தப் போகிறீர்களா என்றும் கேட்டார். சொல்லாமல் கிளம்பினால் சொத்தைக் கடத்தியதாக ஆகும், பென்ஷன் நின்றுபோகும் என்றார். பென்ஷன் நின்றால் அவளுடைய மருந்து நிற்கும். ஆப்பரேட்டர் பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, சாதாரணமாக நூற்றெண்பது நாள் என்றார் மூணு செட். ஆணையத்தில் எதுவும் சாதாரணமாக நடந்து யாரும் பார்த்ததில்லை என்பதை அவர் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை சரிபார்ப்பு அதிகாரி ஒருவர் வரத் தொடங்கினார். எல்லாம் விண்ணப்ப நாளில் இருந்த நிலையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. முதல் தடவை வந்தபோது ஒவ்வொரு பொருளுக்கும் எண் பொறித்த ஒரு சின்னத் தகரத் தகடு மாட்டினார். ஆப்பரேட்டருக்கு எங்கே மாட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம், கண் உயரத்தில் மாட்ட வேண்டும் என்று விதி இருந்தது. ஆப்பரேட்டருக்குத் தனி விதி இல்லை. கடைசியில் பெருந்தன்மையோடு சட்டைப் பையில் குத்திக்கொள்ள அனுமதித்தார். சட்டையைத் துவைக்கும்போது தகட்டைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு, எழுதிக் கேட்கச் சொன்னார்.

இரண்டாம் தடவை வந்தபோது பெரிய ரகளை ஆகிவிட்டது. ஆப்பரேட்டர் பொழுது போகாமல் சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு புது பேட்டரி செல் போட்டிருந்தார். அறையில் டிரான்ஸ்பார்மர் சத்தம் தவிர இன்னொரு சத்தம் இருந்தால் தேவலை என்று தோன்றியிருந்தது, அவ்வளவுதான். அதிகாரி பட்டியலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனார்.

"இது ஓடாத கடிகாரம்" என்றார். "ஓடாத கடிகாரத்தைத்தான் விக்கிறதா சொல்லியிருக்கீங்க. இப்ப ஓடுதுன்னா இது வேற கடிகாரம். அந்தக் கடிகாரம் எங்க?"

செல்லைக் கழற்றியாகிவிட்டது. ஆனால் விண்ணப்ப நாளில் முள் எங்கே நின்றிருந்ததோ அங்கேயே நிற்க வேண்டுமே. நான்கு இருபதா, நான்கு இருபத்தைந்தா என்று ஆப்பரேட்டருக்குச் சரியாக நினைவில்லை. அதற்கு ஒரு விளக்கக் கடிதம், அதன்மேல் ஒரு விசாரணை, அதன்மேல் ஒரு எச்சரிக்கை என்று நாற்பது நாள் போயிற்று. நூற்றெண்பது நாளில் அந்த நாற்பது சேராது என்று பிறகு தெரியவந்தது.

ஆப்பரேட்டர் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மனைவிக்குப் போன் செய்வார். ஆரம்பத்தில் அவள் நிறையப் பேசினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், அவர் சாப்பிட்டேன் என்பார், இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி சாப்பிட்டீர்களா என்பாள், பிறகு இன்னொரு தடவையும் கேட்பாள். மூன்று தடவையும் அவர் புதிதாகக் கேட்டதுபோல் பதில் சொல்வார். ஒரு நாளில் ஒரே ஆள் மூன்று முறை சாப்பிட்டாயா என்று விசாரிப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அந்த வளாகத்தில் வேறு யாரும் அவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் இரண்டு பேரும் பட்டியலில் இல்லாதவர்கள் என்பதால் சுதந்திரமாக வந்தார்கள், ஷிப்டைப் பார்த்தார்கள், சுதந்திரமாக வீட்டுக்குப் போனார்கள். நிலையம் அவர்களாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பரேட்டர் அதன் அருகில் இருந்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதிக் கேட்டார். அது அவசியச் சொத்தின் தற்காலிக இடப்பெயர்ச்சி என்று பதில் வந்தது. அதற்குத் தனிப் படிவம், பத்திரிகையில் அறிவிப்பு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு முப்பது நாள் அவகாசம். யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று யாராவது எழுதித் தர வேண்டும் என்றார்கள். அதற்கும் ஆள் பிடித்து எழுதி வாங்கி அனுப்பினார். அனுமதி வந்தது. அவர் கேட்டிருந்த இரண்டு தேதிகளும் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

சரி, அவளையாவது இங்கே கூட்டிவரலாமா என்று கேட்டார். பட்டியலில் இல்லாத ஒன்றை வளாகத்துக்குள் வைப்பது சேர்க்கை, சேர்க்கையும் பதினோராம் விதிப்படி கூடாது என்றார்கள். மைத்துனி தன் செல்போனில் அவர் முகத்தை அக்காவுக்குக் காட்டிப் பார்த்தாள். டிவியில் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

பத்தாவது மாதத்தில் ஒருநாள் போனை அவளே எடுத்தாள்.

"யாரு பேசறது?"

நான்தான் என்றார்.

"அவரு இன்னும் டூட்டி முடிஞ்சு வரல சார்" என்றாள் மரியாதையாக. "வந்தா சொல்றேன். உங்க பேர் என்ன?"

ஆப்பரேட்டர் தன் பெயரைச் சொன்னார். அவள் எழுதிக்கொள்வது போனில் கேட்டது. ஓய்வுக்குப் பிறகும் பழக்கத்தில் விடாமல் எழுதிவந்த லாக் புத்தகத்தில் அன்றைக்கு அவர் ஐந்து மணி ரீடிங் எழுதவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அது ஒன்றுதான் விட்டுப்போன ரீடிங். சரிபார்ப்பு அதிகாரி வந்து அதையும் கண்டுபிடித்தார்.

பதினான்காம் மாதம் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. நாற்பத்தேழாவது உருப்படியை ஆணையத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதால் ஆணையமே நிலையத்துக்கு வந்தது. வளாகத்தில் துணிப்பந்தல் போட்டு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். தலைவர், இரண்டு உறுப்பினர்கள், பதிவாளர் நால்வரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கு ஆரம்பம். பதினொன்று வரை பொதுமக்கள் ஒருவரும் வரவில்லை. பொதுமக்கள் இல்லாமல் கருத்துக் கேட்பை நடத்தினால் செல்லாது. தள்ளிவைத்தால் இன்னும் நான்கு மாதம். பதிவாளர் கையைப் பிசைந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். அப்போதுதான் ஆப்பரேட்டர் தன் குவார்ட்டர்ஸுக்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்டுகிறவர் என்பது அவர் நினைவுக்கு வந்தது. கட்டணம் கட்டுகிறவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் பொதுமக்கள். ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு மூன்றாவது வரிசையின் நடுவில் உட்காரவைத்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் கூட்டம் குறைவாகத் தெரியும் என்று பதிவாளர் சொன்னார்.

தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, முப்பத்தொன்பது காலி நாற்காலிகளையும் ஒருவரையும் பார்த்துப் பெரியோர்களே என்று தொடங்கினார்.

"ஆணையம் தாமதம் பண்ணுதுன்னு சில பேர் பேசறாங்க. தாமதம்னா என்ன? வேலையைச் செய்யாம இருக்கறது. நாங்க ஒரு நாள்கூட செய்யாம இருந்ததில்ல. இந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் பதினாலு மாசமா தினமும் செஞ்சுக்கிட்டிருக்கோம். அவசரப்பட்டு முடிவெடுத்தா அது தப்பா போயிடலாம். முடிவெடுக்காத வரைக்கும் இந்த ஆணையம் ஒரு தப்புகூட பண்ணினது கிடையாது. இதைப் பெருமையா சொல்லிக்கிறேன். இன்னொண்ணு. பொதுமக்கள் எங்ககிட்ட நெருங்க முடியலன்னு சொல்றாங்க. இன்னிக்கு நாங்களே உங்களைத் தேடி வந்திருக்கோம். இதுக்கு மேல எப்படி நெருங்கறது?"

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். பொதுமக்கள் தரப்பில் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று பதிவாளர் கேட்டார். ஆப்பரேட்டர் எழுந்து நின்றார். இதற்காகவே நான்கைந்து நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்தார், இருந்தும் எல்லாம் போய் இவ்வளவுதான் வந்தது.

"என் மனைவிக்கு மறதி நோய்ங்க. தினமும் பாக்கற முகம்தான் கடைசியா மறக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஒண்ணரை வருஷமாகப் போகுது, அவ என் முகத்தைப் பாக்கல. என்னை அனுப்பிடுங்க."

தலைவர் முகம் உண்மையாகவே வாடியது என்று சொல்ல வேண்டும். அவரும் வீடு வாசல் உள்ள மனிதர்தான். இடப்பக்கம் குனிந்து பேசினார், வலப்பக்கம் குனிந்து பேசினார். பிறகு விசாரணை நடத்தினார்.

"இதனால கட்டணம் ஏறுமா?"

ஏறாது என்றார் ஆப்பரேட்டர்.

"போட்டி குறையுமா?"

குறையாது என்றார்.

"அரசோட கண்காணிப்பு எதுவும் தளருமா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அவங்க மறக்கறதோட சுமை வேற கம்பெனி வாடிக்கையாளர் யார் தலையிலயாவது விழுமா?"

ஆப்பரேட்டர் கொஞ்சம் யோசித்தார். "என் தலையில மட்டும்தாங்க" என்றார்.

அவர் உட்கார்ந்ததும் பதிவாளர் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். பொதுமக்களில் ஒருவருடைய மனைவி அவரை மறப்பது நான்கு அளவுகோல்களின்படியும் பரிசீலிக்கப்பட்டது. அது பொதுநலனுக்கு முரணானதல்ல என்று ஆணையம் காண்கிறது. பொதுமக்கள் தரப்பில் வேறு ஆட்சேபம் இல்லை. தலைவர் போகும்போது ஆப்பரேட்டரின் தோளைத் தட்டி, நன்றாகப் பேசினீர்கள் என்றார். நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு வளாகம் முன்பைவிடப் பெரியதாகத் தெரிந்தது. நாற்பது நாற்காலிகள் வந்து போன இடத்தில் ஒரு ஆள் நிற்பது கஷ்டம்தான்.

பத்தொன்பதாம் மாதம் ஒப்புதல் வந்துவிட்டது. ஆணை முந்நூற்று நாற்பது பக்கம். மறுநாளே பெரிய கம்பெனியின் பொறியாளர் ஒரு பெண் வந்தாள். சின்னப் பெட்டி ஒன்றைச் சுவரில் பொருத்தினாள், லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். தூரத்தில் இருக்கும் கன்ட்ரோல் சென்டரிலிருந்து யாரோ பிரேக்கரைத் திறந்து மூடினார்கள். இங்கே இனி ஆள் தேவையில்லை, நாற்பத்தேழை என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று அவள் மூணு செட்டிடம் கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

மறுபடியும் இருநூற்றுப் பதினாறா என்று ஆப்பரேட்டர் கேட்டார். மூணு செட் சிரித்தார். மதிப்பு ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் சொத்தைக் கைமாற்ற ஆணையத்தின் ஒப்புதலே வேண்டாம், ஒரு பக்கச் சீட்டு போதும் என்றார். ஓய்வு வயது தாண்டிய ஆப்பரேட்டரின் மதிப்பு ஏட்டில் பூஜ்யம்.

"இந்த விதி எப்போலேர்ந்து சார் இருக்கு?" என்று ஆப்பரேட்டர் கேட்டார்.

"மூணாம் விதி. பதினோராம் விதிக்கு முன்னாடியே இருக்கு."

"அப்ப நான் ரிட்டயர் ஆன அன்னிக்கே..."

"நீங்க இல்லாம ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் மூணு செட், வருத்தத்தோடு. "அவசியச் சொத்துக்கு மதிப்பு பூஜ்யம்னு நான் எப்படி எழுதறது? உங்களுக்கு அசிங்கமா இருக்காதா?"

சீட்டில் இரண்டே கேள்விகள். உருப்படியை நேரில் பார்த்து அடையாளம் கண்டேன். விண்ணப்ப நாளில் இருந்த நிலையிலேயே இருக்கிறது: ஆம், இல்லை. பெற்றுக்கொள்பவர் கையெழுத்து போட்டு ஏழு நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். பெற்றுக்கொள்பவர் என்றால் யார் என்று கேட்டதற்கு, மனைவி என்றார் மூணு செட். வேறு யாரும் போட்டால் செல்லாது. சீட்டு வராவிட்டால் உருப்படி நிலையத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஆப்பரேட்டர் காலை பஸ்ஸில் ஏறினார். அவசரத்தில் கம்பெனிச் சட்டையிலேயே கிளம்பியிருந்தார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மைத்துனி கதவைத் திறந்து, வாங்க மாமா என்று விலகி வழிவிட்டாள். மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. நிமிர்ந்து அவர் சட்டையையும் கையிலிருந்த காகிதத்தையும் பார்த்தாள்.

"கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா? மீட்டர் வெளியில இருக்கு சார்" என்றாள்.

ஆப்பரேட்டர் வழியில் சொல்லிப் பார்த்தது எதையும் சொல்லவில்லை. ஒரு கையெழுத்து வேண்டும் என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். படிப்பது மட்டும் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"இது யாரைப் பத்தி?"

"என்னைப் பத்தித்தான்."

"உங்களை எனக்குத் தெரியாதே சார். தெரியாம எப்படிப் போடறது?"

நான் போட்டுவிடட்டுமா என்று மைத்துனி கண்ணால் கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மனைவி காகிதத்தைத் திருப்பித் தரப் போனவள், அவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டாததைப் பார்த்து நிறுத்தினாள்.

"போடலைன்னா உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?"

"திரும்பப் போகணும்."

"போனா உங்க வீட்டுல இருப்பாங்கல்ல?"

"யாரும் இல்லம்மா" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, அடையாளம் கண்டேன் என்பதற்கு நேராகத் தன் கையெழுத்தைப் போட்டாள். இரண்டாம் கேள்வியை மறுபடி படித்தாள். இல்லை என்பதில் டிக் அடித்தாள்.

மைத்துனி பதறிப்போனாள். "அக்கா, அதுல ஆம்னு போடணும்."

"எப்படிடீ போடறது? பொய்யா?" என்றாள் அவள். "எவ்வளவு இளைச்சுப் போயிட்டாரு பாரு."

அவள் மேலும் ஏதாவது சொல்வாள் என்று ஆப்பரேட்டர் காத்திருந்தார். அவள் காகிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு ஒரு துண்டை எடுத்து உதறி மடிக்கத் தொடங்கினாள். நிலை மாறிய சொத்துக்கு விளக்கம் கேட்டு ஆணையத்திலிருந்து கடிதம் வரும், விசாரணை வரும், என்ன பதில் சொல்வீர்கள் என்று மைத்துனி மெதுவாகக் கேட்டாள். வரட்டும், அவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள் என்றார். பிறகு சட்டைப் பையில் குத்தியிருந்த தகட்டைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார்.